திருடனுக்குச் செய்த பூட்டு, வாங்கியவர் கழுத்தில்

 



யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில் ஒரு காட்சி வருகிறது. அரசரின் அளவுக் குவளை காணவில்லை என்று அறிவிக்கப்படுகிறது. சகோதரர்களின் மூட்டைகள் சோதிக்கப்படுகின்றன. கடைசியில் தம்பி புன்யாமீனின் மூட்டையில் குவளை கிடைக்கிறது. தந்தையின் முதுமையைச் சொல்லி, தம்பிக்குப் பதிலாகத் தங்களில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுமாறு மற்ற சகோதரர்கள் கெஞ்சுகிறார்கள். யூசுஃப் (அலை) அவர்கள் மறுத்துவிடுகிறார்கள். பொருள் யாரிடம் இருந்ததோ அவரை விட்டுவிட்டு வேறொருவரைப் பிடிப்பதை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுகிறார்கள்; அப்படிச் செய்தால் தாம் அநியாயக்காரராகிவிடுவோம் என்கிறார்கள். சூரா யூசுஃபின் 78, 79ஆம் வசனங்களில் இதைப் பார்க்கலாம்.

குவளையை மூட்டைக்குள் வைக்கச் செய்தது யூசுஃப் (அலை) அவர்களின் ஏற்பாடுதான் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அவர்கள் வாயிலிருந்து வந்த சட்டம் நிலையானது. மாற்றாள் தானாகவே முன்வந்தார், விருப்பத்தோடு வந்தார். அப்படியிருந்தும் அது அநியாயம் என்றார்கள். ஒருவர் செய்த குற்றத்திற்கு இன்னொருவரைப் பிடிக்கக் கூடாது.

இந்தச் சட்டத்தை இன்று நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், நம் மஹல்லாவின் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி. "ஹஜ்ரத், கம்ப்யூட்டர் கேமை காசு கொடுத்து வாங்கினால் ஆயிரம் தடைகள். திருட்டுப் பிரதியை இறக்கியவனுக்கு ஒரு தடையும் இல்லை. அப்படியானால் ஹலாலாக வாங்கியவன் முட்டாளா?"

விளையாட்டைப் பற்றி மிம்பரில் பேச வேண்டுமா என்று பெரியவர்கள் நினைக்கலாம். எந்த விளையாட்டு கூடும், எவ்வளவு நேரம் கூடும் என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம். இங்கே கேள்வி வியாபாரத்தைப் பற்றியது. அதைவிட, ஹலாலைத் தேர்ந்தெடுத்த ஒரு பிள்ளையின் மனம் உடைவதைப் பற்றியது. அதற்குப் பதில் சொல்வது நம் கடமை.

முதலில் திருட்டைப் பற்றி

அடுத்தவர் உழைத்து உருவாக்கியதை அவர் அனுமதியில்லாமல் நகலெடுத்துப் பயன்படுத்துவது கூடாது. கையில் பிடிக்க முடியாத பொருள்தானே என்று சமாதானம் சொல்ல முடியாது. 1988ல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாசிரியரின் உரிமை, கண்டுபிடிப்பாளரின் உரிமை போன்றவை ஷரீஅத்தில் மதிக்கப்படும் உரிமைகள், அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது.

இந்தத் திருட்டின் அளவு எவ்வளவு தெரியுமா? 2013ல் இரண்டு சகோதரர்கள் சேர்ந்து நடத்திய ஒரு சிறிய நிறுவனம், கேம் டெவ் டைகூன் என்ற விளையாட்டை வெளியிட்டது. விலை சுமார் 8 டாலர்தான். அவர்களே வேண்டுமென்று ஒரு பிரதியைத் திருட்டுத் தளங்களில் போட்டுவிட்டு எண்ணிப் பார்த்தார்கள். முதல் நாள் முடிவில் காசு கொடுத்து விளையாடியவர்கள் 214 பேர். திருட்டுப் பிரதியில் விளையாடியவர்கள் குறைந்தது 3104 பேர். அந்தத் திருட்டுப் பிரதிக்குள் அவர்கள் ஒரு பாடத்தையும் வைத்திருந்தார்கள். அந்த விளையாட்டில் நாம்தான் கம்ப்யூட்டர் கேம் செய்யும் முதலாளி. திருட்டுப் பிரதியில் விளையாடுபவருடைய கம்பெனி, தன் கேம்கள் திருடப்படுவதாலேயே போண்டியாகிவிடும்!

ஆகவே தயாரிப்பாளர்கள் பூட்டுத் தேடுவது இயல்பு. பூட்டுப் போடுவது தவறும் அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கடைக்காரர் இரவில் ஷட்டரை இறக்கிப் பூட்டுகிறார். யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் காசு கொடுத்துப் பொருளை வாங்கியவர் வீட்டிற்குள் கடைக்காரர் வந்து பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டால்? நம் விஷயத்தில் நடந்தது இதுதான்.

பூட்டு யாரைப் பிடித்தது?

2008ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ஸ்போர் என்ற விளையாட்டை வெளியிட்டது. அதில் செக்யூராம் என்ற பூட்டு இருந்தது. விலை கொடுத்து வாங்கியவர் மூன்று முறைதான் அதைக் கணினியில் பதிந்து இயக்கலாம். கணினி பழுதானது, புதிது வாங்கினோம் என்றாலும் அது கணக்கில் சேரும். அதற்குப் பிறகு நிறுவனத்திடம் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். வாங்கியவர்கள் கொதித்தார்கள், அமேசான் தளத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தார்கள். பிறகு எண்ணிக்கையை ஐந்தாக்கினார்கள். ஆனால் பூட்டு உடைக்கப்பட்ட திருட்டுப் பிரதியோ, விளையாட்டு கடைக்கு வரும் முன்பே இணையத்தில் வந்துவிட்டது. மூன்று என்ற எல்லை திருடனுக்கு இல்லை.

2010ல் யூபிசாஃப்ட் நிறுவனம் அசாசின்ஸ் கிரீட் 2 விளையாட்டைக் கணினிக்கு வெளியிட்டபோது, விளையாடும் நேரம் முழுவதும் இணையத்தில் இணைந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. ஒருவர் தனியாக ஆடும் விளையாட்டுக்கு இந்த நிபந்தனை! அந்த மார்ச் மாதத்திலேயே நிறுவனத்தின் சர்வர்கள் தாக்குதலுக்கு ஆளாகி முடங்கின. வாங்கியவர்கள் தங்கள் சொந்தப் பொருளின் வாசலில் நின்றார்கள்.

2013ல் சிம்சிட்டி விளையாட்டும் அப்படித்தான். எப்போதும் இணையம் வேண்டும் என்றார்கள். வெளியான நாட்களில் சர்வர்கள் கூட்டத்தைத் தாங்கவில்லை. வாங்கியவர்கள் நாட்கணக்கில் தவித்தார்கள். அடுத்த ஆண்டு, இணையம் இல்லாமலும் ஆடலாம் என்று அதே நிறுவனமே மாற்றிக் கொடுத்தது.

இன்னொன்று. பழைய குறுந்தகடு விளையாட்டுகளில் சேஃப்டிஸ்க் என்று ஒரு பூட்டு இருந்தது. கணினியின் பாதுகாப்புக்கே அது ஆபத்து என்பதால் 2015ல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்க மறுத்துவிட்டது. தகடு பத்திரமாக இருக்கிறது. வாங்கிய ரசீதும் இருக்கலாம். விளையாட்டுதான் திறக்காது.

சகோதரர்களே, கவனியுங்கள். திருடன் செய்யும் முதல் வேலையே பூட்டைக் கழற்றி எறிவது. ஆகவே பூட்டின் பாரம் முழுவதும் யார் தோளில்? காசு கொடுத்தவர் தோளில். பொருள் யாருடைய மூட்டையில் கிடைத்ததோ அவர் போய்விட்டார். முறையாக நடந்தவர் பிடிபட்டு நிற்கிறார். யூசுஃப் (அலை) அவர்கள் எதைச் செய்ய மறுத்தார்களோ, அதுவே இங்கே வியாபார முறையாகிவிட்டது. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்க மாட்டார் என்பது சூரா அன்ஆமில் அல்லாஹ் வைத்த நீதி.

விற்றீர்களா, வாடகைக்கு விட்டீர்களா?

நம் ஃபிக்ஹ் நூல்கள் இங்கே ஒரு நேரடியான கேள்வியைக் கேட்கின்றன. விற்பனை என்றால் பொருள் வாங்கியவருக்குச் சொந்தமாகிறது. வாடகை என்றால் பயன் மட்டும் கிடைக்கிறது. ஆனால் எவ்வளவு காலம் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும். விற்பனையின் விலையை வாங்கிக்கொண்டு, வாடகையின் உரிமையை மட்டும் கொடுத்து, காலத்தையும் சொல்லாமல் மறைத்தால் அது எந்த வகை? ஃகரர் என்று நம் இமாம்கள் சொல்லும் நிச்சயமின்மை இதில் இருக்கிறது.

உதாரணம் சொல்கிறேன். தி க்ரூ என்ற கார்ப் பந்தய விளையாட்டு 2014 டிசம்பரில் வந்தது. 2024 மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் அதன் சர்வரை நிறுத்தியது. அன்றோடு, விலை கொடுத்து வாங்கிய எல்லோருடைய பிரதியும் செத்துப்போனது. தனியாக ஆடும் பகுதியும் திறக்கவில்லை. இதைப் பார்த்துக் கொதித்தவர்கள், விற்ற விளையாட்டைக் கொல்லாதீர்கள் என்று ஓர் இயக்கமே தொடங்கினார்கள். ஐரோப்பாவில் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் அதற்காகக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், உரிமம் மட்டும் கொடுத்துவிட்டு, அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் போட்டது. 2025 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது.

நமக்கு இது புதிய செய்தி அல்ல. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம் தட்டியது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவருக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று எச்சரித்தார்கள். இது முஸ்லிமில் வரும் ஹதீஸின் கருத்து. நனைந்த தானியத்தை விற்கலாம்; நனைந்ததை மறைத்து விற்கக் கூடாது. பூட்டு உண்டா, எத்தனை முறை திறக்கும், என்று நின்றுபோகும் என்பதெல்லாம் குவியலின் மேலே தெரிய வேண்டிய ஈரம்.

அப்படியானால் உடைக்கலாமா?

இப்போது அந்த இளைஞர் கேட்பார்: "அவர்களே அநியாயம் செய்கிறார்கள். நான் திருட்டுப் பிரதி எடுத்தால் என்ன?"

தம்பி, நம்பியவரிடம் அமானிதத்தை ஒப்படைக்க வேண்டும், நமக்கு மோசடி செய்தவருக்கும் நாம் மோசடி செய்யக் கூடாது என்பது அபூதாவூதிலும் திர்மிதியிலும் வரும் நபிமொழியின் கருத்து. ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று சூரா மாயிதாவும் கற்றுத்தருகிறது. காசு கொடுக்காமல் எடுப்பது எந்த நிறுவனத்தின் அநியாயத்தாலும் ஹலாலாகாது.

காசு கொடுத்து வாங்கிய ஒருவர், இறந்துபோன தன் சொந்தப் பிரதியைத் தனக்காக மட்டும் திறக்க முயன்றால்? அவரைத் திருடன் என்று சொல்ல என் நாவு துணியாது. ஆனால் அவர் ஒப்புக்கொண்ட நிபந்தனை, நாட்டுச் சட்டம், அந்தச் சாவி எந்தக் கையிலிருந்து வருகிறது என்பதெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டிய விஷயம். அவர் தன் நிலையை ஒரு ஆலிமிடம் விவரமாகச் சொல்லிக் கேட்டுக்கொள்ளட்டும். இதைக் காரணமாக வைத்து எல்லோருக்கும் கதவைத் திறந்துவிடக் கூடாது.

ஹலாலான வழிகள் இருக்கின்றன. வாங்கும் முன் நிபந்தனையைப் படியுங்கள். குறை இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். குறையுள்ள பொருளைத் திருப்பித் தரும் உரிமை ஷரீஅத் கொடுத்தது. பிடிக்கவில்லையா, வாங்காமல் இருங்கள். விளையாட்டு இல்லாமல் யாரும் இறப்பதில்லை. பூட்டில்லாமல் விற்பவர்களும் இருக்கிறார்கள். போலந்து நாட்டின் சிடி ப்ராஜெக்ட் நிறுவனம் 2008ல் அப்படி ஒரு கடையைத் தொடங்கியது. 2011ல் அவர்களின் தி விட்சர் 2 வெளிவந்தபோது, தகடு வழியாக விற்ற பிரதியில் இருந்த பூட்டையும் சில வாரங்களுக்குள் அவர்களே நீக்கிவிட்டார்கள். வாங்குபவரை நம்பியதால் அவர்கள் அழிந்துபோகவில்லை.

நம் கையில் உள்ள பூட்டுகள்

அன்பானவர்களே, அந்த நிறுவனங்களைக் குறை சொல்லிவிட்டுக் கலைந்துவிடுவது எளிது. ஆனால் இதே தவறு நம் வீட்டிலும் கடையிலும் ஜமாஅத்திலும் நடக்கிறதா என்று பார்ப்போம்.

ஒருவர் கடன் வாங்கி ஏமாற்றிவிட்டார். அதற்குப் பிறகு கேட்டு வந்த அத்தனை பேருக்கும் கர்ழே ஹஸனாவின் கதவை மூடிவிட்டோம். ஏமாற்றியவர் பணத்தோடு போய்விட்டார். மகளின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வந்தவர் வெறுங்கையோடு திரும்பினார். வகுப்பில் ஒரு பையன் செய்த சேட்டைக்கு வகுப்பு முழுவதையும் நிற்க வைக்கிறோம். ஜகாத் கேட்டு யாரோ ஒருவர் பொய் சொன்னார் என்பதற்காக, உண்மையான ஒரு விதவையை நான்கு கடிதங்களுக்காக நான்கு வாசல்களுக்கு அலைய விடுகிறோம். பொய் சொல்பவருக்குக் கடிதம் வாங்கத் தெரியும். கூச்சமுள்ளவர்தான் பாதியில் திரும்பிப் போகிறார்.

நபி (ஸல்) அவர்களிடம் இரண்டு பேர் ஸதகா கேட்டு வந்தார்கள். பார்த்தால் திடகாத்திரமானவர்கள். நபியவர்கள் அவர்களை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, நீங்கள் விரும்பினால் தருகிறேன், ஆனால் வசதியுள்ளவருக்கும் உழைத்துச் சம்பாதிக்கச் சக்தியுள்ளவருக்கும் இதில் பங்கில்லை என்ற கருத்தில் சொன்னார்கள். சட்டம் தெளிவாகச் சொல்லப்பட்டது. பொறுப்பு அவர்கள் மனசாட்சியிடம் விடப்பட்டது. கேட்டு வருபவர்களை எல்லாம் பொய்யர்களாக நடத்தும் முறையை நபியவர்கள் ஏற்படுத்தவில்லை.

விசாரிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜகாத் அமானிதம், விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு விதியைப் போடும்போதும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது தவறு செய்பவரைத் தடுக்கிறதா, அல்லது அவர் எளிதாகத் தாண்டிப்போக, நேர்மையானவரை மட்டும் பிடிக்கிறதா? பிந்தியது என்றால், அதைக் கழற்றுங்கள்.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. ஹலாலாக வாங்கியவர் முட்டாளா என்று கேட்டீர்கள். இல்லை. திருடியவருக்குப் பூட்டில்லை என்பது இந்த உலகத்தின் கணக்கு. மறுமையில் அவர் பதில் சொல்ல வேண்டிய ஒரு கேள்வி உங்களுக்கு இருக்காது. நீங்கள் பட்ட சிரமத்தை அல்லாஹ் அறிவான். அவன் எவருடைய நற்செயலையும் வீணாக்குவதில்லை.

வல்ல ரஹ்மான் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்குவானாக! பிறர் செய்த குற்றத்திற்காக ஒரு நல்லவரைத் துன்புறுத்தும் பாவத்திலிருந்து நம்மைக் காப்பானாக! நமக்கு அநியாயம் நடந்தாலும் நீதி தவறாத உள்ளத்தை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.