உப்பளத்தில் ஒரு சனிக்கிழமை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் பறக்கும் வார இறுதிக் கூட்டத்துக்கு மரக்காணம் என்பது உப்புக் குவியலோடு ஒரு செல்ஃபி. அவ்வளவுதான்.

இறங்கி நடந்தால்தான் விஷயம் தெரியும். உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் வற்றவைக்கிறார்கள்; பருவமழை வந்தால் வேலை நின்றுவிடும். வெயிலுக்கு முந்திக்கொண்டு விடியுமுன்னே பலகையோடு இறங்குகிறவர்கள், பயணிகள் வந்துசேர்வதற்குள் பாதி உப்பை வாரி முடித்திருப்பார்கள்.

பக்கத்திலேயே கழுவேலி, பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி, 2021-இல் பறவைகள் சரணாலயமானது. வடக்கே, 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஆலம்பரைக் கோட்டை. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பர் ஆய்வாளர். பாணர் நடந்தே போன வழி; காரில் போகிறவர்களுக்கு என்ன அவசரமோ!

பாத்தி வரப்பில் கால் வைக்குமுன், அங்கே வேலை செய்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.