எங்க புடிக்குதுங்க?

சென்னிமலை அடிவாரம் போகும் சாலையில் ஒரு செருப்புக் கடை. கடைப் பையன் என் அம்மாவைப் பெற்ற அப்பிச்சியின் வலது காலைத் தூக்கித் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு மூன்றாவது ஜோடியை மாட்டிப் பார்க்கிறான். ஏறவில்லை. குழித்தறியில் ஐம்பது வருஷம் மிதி மிதித்த பாதம். விரல்கள் விரிந்து, சுண்டுவிரல் பட்டைக்கு வெளியே வந்து நிற்கிறது. "போடப் போடச் சரியாப் போயிருமுங்க" என்கிறான் பையன். அப்பிச்சி குனிந்து காலைப் பார்த்தார். "என்ற காலு அப்பிடி, சாமி. நீ என்ன பண்ணுவ?"

இந்தப் பதிலை நாமும் சொல்லியிருக்கிறோம். ஒன்று நமக்குப் பொருந்தாதபோது முதல் சந்தேகம் நம் உடம்பின் மேல்தான் விழுகிறது. அளவு எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றுவதில்லை. கடையில் நாம் சொல்லும் ஏழாம் நம்பரும் எட்டாம் நம்பரும் ஆங்கிலேயர் விட்டுப்போன கணக்கு. ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒரு வாற்கோதுமை மணியின் நீளம், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. பாதத்தின் அகலம் பற்றி அந்த நம்பர் வாய் திறப்பதில்லை. சென்னை அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்து, நம்முடையவை ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானவை என்று கண்டது; நமக்கென 'பா' என்றொரு அளவுமுறையையும் முன்வைத்தது. இது வெளியே தெரியவந்தது 2024-இல். அதுவரை எத்தனை பேர் தம் காலையே குறை சொல்லிக்கொண்டு நடந்திருப்பார்கள்!

அகலத்தையாவது அளந்துவிடலாம். அப்பிச்சிக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. பாதம் மரத்துவிட்டது. மரத்த காலுக்கு இறுக்கமான செருப்பே நன்றாக இருப்பதுபோல் தோன்றும், இறுக்கினால்தான் ஏதோ கொஞ்சம் உறைக்கிறது. கொப்புளம் உடைந்ததைப் பாயில் பட்ட ரத்தத்தைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொள்வார். 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் காலில் இதையேதான் கண்டார். நோய் விரல்களை நேராகத் தின்றுவிடுவதில்லை. வலி போய்விடுவதால், முள்ளும் ஆணியும் ஓயாத அழுத்தமும் தடுப்பாரின்றித் தின்கின்றன. அந்தப் பாதங்களுக்காக வேலூரிலும் கரிகிரியிலும் உருவான மெத்தென்ற ரப்பர் செருப்பைத்தான் இன்று எம்.சி.ஆர். செருப்பு என்று சர்க்கரைக்காரர்களுக்கும் எழுதிக்கொடுக்கிறார்கள்.

வலியை நாம் பகையாகவே எண்ணி வளர்ந்தவர்கள். ஆனால் அது இல்லாமற்போன உடம்பு எப்படிக் காவலற்றுக் கிடக்கிறது என்று பார்த்தபின், நமக்குள் நின்று நமக்காகக் குரல் கொடுத்த ஒன்றைத்தான் இத்தனை நாள் அடக்கப் பார்த்தோம் என்பது விளங்குகிறது. அந்தக் குரல் ஒருவருக்குள் அவிந்துபோனபின் அவரைக் காப்பது என்பது, அவர் சொல்லாததை, சொல்லவே முடியாததை, இன்னொருவர் தன் கவனத்தால் அறிந்து அவருக்குப் பதிலாகத் தான் உணர்வது என்றாகிவிடுகிறது. சென்னிமலையில் அரங்கேறியதாகச் சொல்லப்படும் கந்த சஷ்டி கவசம், உடம்பைக் காக்க வேண்டும் என்று ஒரே வார்த்தையில் வேண்டி முடித்துக்கொள்வதில்லை. கண், காது, முழங்கால் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டே இறங்கி, பாதத்தின் ஐந்து விரல்வரை வருகிறது. அக்கறை என்பதற்கு அப்படி ஓர் இறங்கிவரும் பொறுமை வேண்டியிருக்கிறது. மொத்தமாக நலம் விசாரிப்பவருக்கு எந்த விரலில் புண் என்று தெரியவராது.

கடைசியில் அந்த ஜோடியையே வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்து மரத்தடியில் செருப்புத் தைக்கிறவரிடம் போனோம். எந்த நம்பர் என்று அவர் கேட்கவில்லை. "எங்க புடிக்குதுங்க?" என்றார். அப்பிச்சி யோசித்தார். "தெரியலியே சாமி. எனக்குத்தான் ஒண்ணும் தெரியறதில்லையே."

அவர் தலையசைத்தார். உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலைப் பட்டைக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து, சுண்டுவிரலில் ஆரம்பித்து மெல்லச் சுற்றி வந்தார். பெருவிரல் மூட்டுக்குப் பக்கத்தில் விரல் நின்றது. "இங்கதானுங்க" என்று ஊசியைத் தேடினார்.