பன்றிக் கொட்டிலில் ஒரு காரண விசாரம்

சென்னையை அடுத்த முடிச்சூருக்கு அப்பால், வீடுகள் இன்னும் முழுவதும் வந்து நெருக்காத ஓர் ஏரிக்கரையோரத்தில், கால்நடை மருத்துவரான நண்பருடன் வெண்பன்றிக் கொட்டில் ஒன்றைக் காணச் சென்ற காலைப்பொழுதில், வாலிப வயதில் சைவ சித்தாந்த வகுப்பில் மனப்பாடம் செய்து பின்னர் அடியோடு மறந்திருந்த ஒரு பாடம் எனக்குத் திரும்ப நினைவுக்கு வந்தது.

மூன்று மாதக் குட்டிகள் ஏழெட்டு, விலா ஒட்டிப்போய், தொடையெல்லாம் அழுக்கேறி, தண்ணீர்த் தொட்டியை விட்டு நகராமல் நின்றன. சிமெண்டுத் தரையில் கிடந்த கழிச்சல் சாம்பல் நிறமாயிருந்தது. அதனூடே சளியும், செந்நூல் இழைகள்போல் உதிரமும். வளர்ப்பவர் காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் பயிற்சி பெற்றவர். "தினம் ரெண்டு வேளை கழுவித்தான் சார் விடறேன். பன்னி வளர்க்கிறவன்னாலே அசிங்கம்னு சொல்லிடுவாங்க" என்று, யாரும் குற்றஞ்சாட்டுமுன்பே அவர் தம் கட்சியை வாதிக்கத் தொடங்கிவிட்டார். நண்பர் அதைக் காதில் வாங்காமல் தீவன மூட்டைகளின் பின்னால் குனிந்து பார்த்து, "எலி நடமாட்டம் உண்டுங்களா?" என்றார்.

பெருங்குடலை மட்டுமே பற்றி, சிறுகுடலின் எல்லையில் கோடு கிழித்தாற்போல் நின்றுவிடும் இந்தச் சீதக்கழிச்சல் 1921-ல் அமெரிக்காவில் முதன்முதல் விவரிக்கப்பட்டது. கிருமி பிடிபட மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. பிராக்கிஸ்பைரா என்று இன்று பெயர் தாங்கும் அது, திருகாணிபோல் சுழன்று குடற்சளியைத் துளைத்துச் செல்லும். குற்றவாளி அகப்பட்டான், வழக்கு முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் வேறெந்தக் கிருமியும் அண்டாமல் வளர்த்த குட்டிகளுக்கு இதை மட்டும் ஊட்டிப் பார்த்தபோது நோய் வரவேயில்லை. பெருங்குடலில் இயல்பாகக் குடியிருக்கும் வேறு சில நுண்ணுயிர்களும் உடனிருந்தபோதே வந்தது.

நான் மறந்திருந்த பாடம் அப்போதுதான் எழுந்தது: குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று எங்கள் ஆசிரியர் ராகம் போட்டுச் சொல்லுவார். துணைக்காரணத்தை ஒப்புக்குச் சேர்த்ததென்றே நான் அந்நாளில் எண்ணியிருந்தேன். ஆஸ்திரேலியாவில் நடந்து 1996-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியிலோ, துணைக்காரணமான தீவனமே முடிவை மாற்றியது: எளிதில் ஜீரணமாகும் வெந்த அரிசிச் சோறு தின்ற பன்றிகள் இதே கிருமியைப் பெற்றும் நோய்க்குத் தப்பின. பின்வந்தோர் சோதனைகளில் பலன் அத்தனை திட்டமாக வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நாம் எச்சிலென்று ஒதுக்கும் சோற்றுக்கு எப்பேர்ப்பட்ட கௌரவம்! (ஓட்டல் மிச்சத்தைக் கொதிக்க வைக்காமல் ஊட்டினால் வேறு கொள்ளைநோய்கள் வந்து சேரும், அது தனிக் கதை.) இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத இடத்தில், 1928-ல் க்ஷயரோகிகளுக்காகச் சானடோரியம் நிறுவிய டாக்டர் சௌரிமுத்துவும் காற்றையும் ஆகாரத்தையும் பெரிதாக நம்பியவரே, அவர் வைத்த ஸ்தாபனம் ரயில் நிலையத்தின் பெயராகவும் நிலைத்துவிட்டது.

இதுவரை சித்தாந்தம் கைகொடுக்கிறது. ஆனால் வியாதி என்னும் குடத்துக்குக் குயவன் யார் என்று கேட்டால் நாவெழவில்லை. வினைக்கீடாக இறைவன் ஊட்டுகிறான் என்பது சாஸ்திர விடை. மூன்று மாதக் குட்டி ஈட்டிய வினை எது என்று அதன் ஒட்டிய விலாவைப் பார்த்துக்கொண்டே கேட்க எனக்குத் துணிவு போதவில்லை. முற்பிறவி என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அவ்விடை தர்க்கத்துக்குப் பொருந்தலாம், கொட்டிலில் நின்று சொல்லக் கூசும். திருவிளையாடற் புராணத்தில் குரு பகவானின் சாபத்தால் பன்றிக்குட்டிகளாய்ப் பிறந்து தாயை இழந்த பன்னிருவருக்குச் சோமசுந்தரக் கடவுள் தாய்ப்பன்றியாய் வந்து முலை கொடுத்தார். சாபத்துக்குக் காரணம் கூறும் புராணம், பால் கொடுத்ததற்குக் கருணையைத் தவிர வேறு காரணம் கூறவில்லை.

நண்பர் தண்ணீரில் கலக்க மருந்து எழுதிக் கொடுத்தார். "எதனால சார் வந்தது?" என்று வளர்ப்பவர் கேட்டபோது, விரல்விட்டு எண்ணலானார்: போன மாதம் சந்தையில் வாங்கிச் சேர்த்த குட்டிகள், கிருமியை மாதக்கணக்கில் சுமந்து திரியும் சுண்டெலி, மாற்றிய தீவனம், ஓயாத ஈரம். ஐந்தாவது விரலை மடக்குமுன் மோட்டார் நின்றுபோகவே, தொட்டி நிரம்பிற்றா என்று பார்க்க வளர்ப்பவர் ஓடிவிட்டார்.