மறந்தவனின் குற்றம்

சாபத்தையும் மந்திர மோதிரத்தையும் நம்பாத ஒருவர் இன்று ‘அபிஜ்ஞான சாகுந்தல’த்திலிருந்து எதைப் பெறப் போகிறார்? அண்மையில் கல்லூரி மாணவர் ஒருவர் இவ்வாறு வினவினார். 1789இல் வில்லியம் ஜோன்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது முதல் உலகமே போற்றிவரும் நாடகம் இது. ஆனால் புகழ் வேறு, பொருத்தம் வேறு.

மகாபாரதத்தின் ஆதி பர்வத்தில் சாபமும் இல்லை, மோதிரமும் இல்லை. அங்கே துஷ்யந்தன் எதையும் மறக்கவில்லை. உலகம் ஐயுறுமே என்று அஞ்சி, அறிந்தே மனைவியை மறுக்கிறான். அசரீரி ஒலித்த பின்னரே ஏற்கிறான். எனவே, துர்வாசரின் சாபத்தைப் புகுத்தி மன்னனைப் பழியிலிருந்து காளிதாசர் தப்புவித்துவிட்டார் என்று சிலர் கூறுவர். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினேன்.

ஆறாம் அங்கத்தை நிதானமாகப் படித்தபோது அவ்வெண்ணம் நிலைக்கவில்லை. மீனின் வயிற்றிலிருந்து கிடைத்த மோதிரத்தைக் கண்டதும் மன்னனுக்கு நினைவு திரும்புகிறது. ஆனால் சாபம் பற்றி அப்போது அவனுக்கு ஒன்றுமே தெரியாது. சகுந்தலைக்கும் தெரியாது; அதைக் கேட்ட அனசூயையும் பிரியம்வதையும், தோழியின் மென்மையான மனம் தாங்காது என்று மறைத்துவிட்டனர். ஆகவே ‘நான் செய்யவில்லை, சாபம் செய்தது’ என்று ஒதுங்கிக்கொள்ள மன்னனுக்கு வழியில்லை. கர்ப்பிணியான மனைவியைப் பிறர் முன்னிலையில் சூழ்ச்சிக்காரி என்று இகழ்ந்தது தன் நாவே என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். வசந்த விழாவை நிறுத்துகிறான், உறக்கமின்றித் தவிக்கிறான். ஓரிடத்தில் மோதிரத்தைக் கடிந்துகொள்ளத் தொடங்குகிறான். உடனே, அது அறிவற்ற பொருள், அறிவுள்ள நான் அவளை ஏன் தள்ளினேன் என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான்.

சாபம் பற்றிய உண்மையை ஏழாம் அங்கத்தில் காசியப முனிவர் வெளிப்படுத்துகிறார். அதற்கு முன்பே துஷ்யந்தன் மனைவியின் காலில் விழுந்துவிட்டான். மன்னிப்பு முதலில், விளக்கம் பின்னர். ‘சூழ்நிலை அப்படி’, ‘வேலைப் பளுவில் மறந்துவிட்டேன்’ என்று விளக்கத்தை மட்டுமே முன்வைத்து, மன்னிப்பைச் சொல்லாமலே விட்டுவிடும் நமக்கு இந்த வரிசை அந்நியமாகத் தோன்றலாம். சாபத்தை நம்பாதவரும் மறதியை அறியாதவரல்லர். முதியோர் இல்லங்களில் காத்திருக்கும் பெற்றோரைக் கேட்டால் தெரியும்.

தலைப்பிலுள்ள ‘அபிஜ்ஞானம்’ என்ற சொல் என்னை நெடுநாள் திண்டாட வைத்தது. அடையாளப் பொருளையும் அது குறிக்கும், அறிந்துகொள்ளுதலையும் குறிக்கும். இரண்டையும் தாங்கும் ஒரே தமிழ்ச் சொல் எனக்கு அகப்படவில்லை. இறுதி அங்கத்தில் துஷ்யந்தன் அந்த மோதிரத்தை மீண்டும் அணிவிக்க முற்படுகிறான். சகுந்தலை மறுக்கிறாள். அதன்மீது தனக்கு நம்பிக்கை இல்லை, அவனே அணிந்துகொள்ளட்டும் என்கிறாள்.