புள்ளியளவுத் திருத்தம்

அரபி எழுத்தைக் கற்பிப்போர் அறிந்த உண்மை ஒன்று உண்டு. 'ரஹ்மத்' என்னும் சொல்லின் முதலெழுத்தின் மேல் ஒரு புள்ளி தவறி விழுந்தால், கருணை என்ற பொருள் மறைந்து நெரிசல் என்ற பொருள் வந்துவிடும். ஆயினும், புள்ளிதானே என்று கடந்துபோகும் மனம் நம்மிடமும் உண்டு. சிறு திருத்தத்தையும் சோதித்தே ஏற்கவேண்டுமா? அது திருத்தியவரை ஐயுறுவதாகாதா?

கணிப்பொறித் துறை இதற்கு நல்லதொரு சான்று தருகிறது. பலர் கூடி எழுதும் நிரல்களின் மாற்றங்களை வரலாறாகக் காக்கும் கருவி 'கிட்'. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அதனை அவ்வாண்டு முதலே ஜூனியோ ஹமானோ பேணி வருகிறார். அதன் தொடக்ககாலக் கட்டளைகள் பல ஷெல் ஸ்கிரிப்டுகளாக, அதாவது கணிப்பொறிக்கான ஏவல்களை வரிசையாக எழுதிவைத்த கோப்புகளாக, அமைந்தவை. ஷெல்லுக்கு இடைவெளி என்பது சொற்களைப் பிரிக்கும் எல்லை. கோப்பின் பெயர் வந்தமரும் இடத்தை மேற்கோள் குறிகளுக்குள் வைக்கத் தவறினால், நடுவே இடைவெளியுள்ள பெயர் இரண்டாக உடையும். ஒன்றை அழிக்கச் சொன்னால் வேறொன்று அழியும். திருத்தமோ இரண்டு குறிகள்தாம்!

அவ்விரு குறிகளை அனுப்புபவரும் காரணத்தை விளக்கி எழுதவேண்டும் என்பது அங்குள்ள நெறி. பார்வையிடுவோர் வினவுவர்: இதே பிழை வேறிடத்தும் உண்டா? பெயர்கள் பிரியவேண்டும் என்றே குறியின்றி விடப்பட்ட இடமா? பிழை மீளாதிருக்கச் சோதனை உண்டா? விரிவாக ஆராய்ந்து முழு நிறைவு கொண்டவரே 'பார்வையிட்டேன்' என்று தம் பெயரை அளிக்கலாம். அவர் சார்பில் பிறர் அதனை எழுதலாகாது.

இது மிகையன்று. 2011இல் 'பம்பிள்பீ' என்னும் மென்பொருளை நிறுவும் ஸ்கிரிப்டில் நுழைந்துவிட்ட ஒரே இடைவெளி, 'யுஎஸ்ஆர்' என்னும் இன்றியமையாத கோப்பகத்தையே அழிக்கச் செய்தது. பிழையின் உருவம் சிறிதாயின் நம் விழிப்புத்தான் குறைகிறதேயன்றி, விளையும் தீங்கு குறைவதில்லை.

எழுதியவர் கண், தாம் எழுத எண்ணியதையே ஏட்டில் காணும். எழுதியிருப்பதைக் காணப் பிறர் கண் வேண்டும். ஆதலின் சோதிப்பது ஐயமன்று, துணைநிற்றல். வரியைக் குறைகூறலாம், வரைந்தவரை இழிவுபடுத்தலாகாது. ஆனால் இன்முகம் காட்டுவதற்காகப் படியாமலே 'நன்று' என்று ஒப்பமிடுவது நட்புமன்று. திருத்தியவர் தவறினால் அது கவனக்குறைவு. படியாமல் ஒப்பமிட்டவர் தவறினால் அது அமானித மோசடி. இவ்விரண்டில் எது பெரிதென்று நாம் சொல்லவும் வேண்டுமோ?