மணியடித்த பின்னர்

சைவாசிரியர்காள்! ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கே கற்பித்துமிருந்தவர்கள். 1847-ல் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிற் சுக்கிரவாரப் பிரசங்கந் தொடங்கி, மறுவருடம் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஸ்தாபித்தார்கள்.

அடியேனும் மிஷன் பாடசாலையிற் கற்றவனே. மணியடித்த பின்னர் நிகழ்ந்த ஜெபக்கூட்டத்துக்குப் பணிசின் பொருட்டே போயினேன். தாய் கொழுந்து நிறுத்து வருங்காறும் பசி பொறுக்குமோ?

இன்று கந்தப்பளையில் நமது மாலைச் சமயவகுப்பிலே சுண்டல் உண்டு. அதற்கென வருவோருட் கிறிஸ்தவச் சிறாரும் உளர். அவர்களைக் கண்டு மகிழ்ந்தேன், பின்னர் நாணினேன்.

பள்ளி விட்டபின் பிற சங்கங்களுக்கு இடங்கொடுக்கும் அரசினர் பாடசாலை சமயச் சங்கத்தை மாத்திரம் விலக்கலாகாதென அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001-ல் தீர்த்தது. ஆண்டும் பெற்றார் சம்மதமின்றிப் பிள்ளை புகுதலில்லை.

ஆதலால் சுண்டலை எல்லார்க்கும் முன்னரே வழங்கி, கதவைத் திறந்துவைத்து, அதன்பின் தேவாரந் தொடங்குமின். (மழைநாளின் தொகையை நம்பற்க.) சென்ற வெள்ளி அங்ஙனஞ் செய்தோம், பதினெண்மர் போயினர், ஒன்பதின்மர் இருந்தனர்.