தினமும் கவசம் சொல்றேனே, முருகன் ஏன் கேக்கல?

ஓம் சரவணபவ!



போன கிருத்திகைக்கு நூம்பல்ல இருந்து குன்றத்தூர் மலைக்குக் கிளம்பினேன். பூந்தமல்லி, மாங்காடு வழியா பைக்ல போற தூரம்தான். பின்னாடி அக்கா பையன் உட்கார்ந்திருந்தான். ஏழாவது படிக்கிறான். வழக்கமா படியேறும்போது எண்ணிக்கிட்டே ஓடுறவன், அன்னைக்குப் பாதியிலேயே உட்கார்ந்துட்டான்.

"மாமா, நான் தினமும் கவசம் சொல்றேன்ல? அப்புறம் ஏன் மாமா முருகன் ஒண்ணுமே பண்ண மாட்டேங்கிறார்?"

அவனுக்குக் கொஞ்சம் திக்கும். வகுப்புல பேர் கூப்பிடும்போது "பிரசன்ட் மிஸ்"னு சொல்ல ரெண்டு மூணு தடவை தடுக்கும். அதை அப்படியே நாலு பசங்க திருப்பிச் சொல்லுவாங்க. வகுப்பே சிரிக்கும். வேன்லயும் அதேதான். தண்ணி பாட்டிலைப் பிடுங்கிக்கிட்டு, "திக்காம கேளு, தர்றோம்"னு சொல்லுவாங்களாம்.

வீட்டுல எங்களுக்கு முன்னாடியே தெரியும். திங்கட்கிழமை காலையில வயிறு வலிக்குதும்பான். டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரும். அத்தான் சொன்னது, "ஆம்பளப் பையன்தானே, திருப்பி ஒண்ணு விட்டுட்டு வா." அக்கா சொன்னது, "நீ உன் வேலையைப் பாரு, யாரும் வம்புக்கு வரமாட்டாங்க." நான் சொன்னது, "கவசம் சொல்லுடா, முருகன் பார்த்துப்பார்."

மூணு பேரும் அவன் நல்லதுக்குத்தான் சொன்னோம். ஆனா மூணு பேருமே அவனை உட்கார வச்சு முழுசா கேட்கல. அதிலும் நான் செஞ்சதுதான் பெரிய தப்பு. முருகன் பேரைச் சொல்லி என் வேலையைத் தட்டிக் கழிச்சேன். புள்ள என்னை நம்பி தினமும் கவசம் சொல்லியிருக்கான். பலன் இல்லைன்னதும் அவனுக்குக் கோபம் என் மேல வரல, முருகன் மேல வந்திருக்கு.

படியில அவன் கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியல. வீட்டுக்கு வந்து கந்தபுராணத்தைப் புரட்டினேன். காஞ்சி குமரகோட்டத்து அர்ச்சகரான கச்சியப்ப சிவாசாரியார் பாடினது. அதுல இதே கேள்வியோட ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கான்.

அவன் பேரு சயந்தன். இந்திரனோட மகன். சூரபத்மன் அவனை வீரமகேந்திரபுரத்துச் சிறையில அடைச்சுட்டான். பெத்தவங்க பக்கத்துல இல்ல. சூரனுக்குப் பயந்து சீர்காழியில மறைஞ்சு வாழ்ந்தவங்க அவங்க. சயந்தன் தனியா புலம்பறான். என்னைக் கேட்க யாருமே இல்லையான்னு தவிக்கிறான்.

முருகன் அங்க என்ன செய்யறார்னு பாருங்க.

அவன் கனவுல போய் நிக்கிறார். நான் இருக்கேன், பயப்படாதேன்னு தைரியம் சொல்றார். அதோட விட்டாரா? இல்ல. சூரன்கிட்ட தூதா வீரவாகுவையும் அனுப்பியிருக்கார். அந்த வீரவாகு நேரா அரசவைக்குப் போகல. முதல்ல சிறைக்குப் போறார். சயந்தனைத் தேத்துறார். அதுக்கு அப்புறம்தான் சூரன் அவைக்குள்ள நுழையறார். அங்கயும் எடுத்த உடனே வாளை உருவல. சிறையில இருக்கறவங்களை விட்டுடுன்னு நியாயம் பேசறார். சூரன் கேட்காததாலதான் போர்.

இந்த வரிசையைத்தான் நாம கவனிக்கணும். முதல்ல பிள்ளை, அடுத்து அவை, வேறு வழியே இல்லைன்னா போர். நம்ம வீடுகள்ல இது தலைகீழா நடக்குது. பிள்ளைகிட்ட பேசறதுக்கு முன்னாடியே பள்ளி வாசல்ல சண்டை போடறோம். இல்லேன்னா எதுவுமே செய்யாம கவசம் மட்டும் சொல்லச் சொல்றோம்.

சயந்தனோட வேண்டுதல் முருகனுக்குக் கேட்டது. அதனாலதான் அவனைத் தேடி ஒரு ஆள் போனார். நம்ம வீட்டுப் பிள்ளை சொல்ற கவசமும் அவருக்குக் கேட்குது. போக வேண்டிய ஆள்தான் இன்னும் போகல. அந்த ஆள் நாமதான். அப்பா, அம்மா, மாமா, அக்கா, யாரா இருந்தாலும் சரி, அந்தப் பிள்ளைக்கு வீரவாகு நாமதான்.

சரி, வீரவாகுவா இருக்கறவங்க என்ன செய்யணும்?

பிள்ளை பேசும்போது குறுக்கே பேசாம கேளுங்க. "நீ என்ன பண்ணின?"ங்கிற கேள்வி முதல் கேள்வியா வரக் கூடாது. "நீ சொன்னது நல்லது, இது உன் தப்பு இல்ல"ங்கிற வார்த்தைதான் முதல்ல வரணும். "திருப்பி அடி"ன்னு சொல்லாதீங்க. அவன் அடிச்சா நாளைக்குக் குற்றவாளி அவன்தான். அடிக்க முடியலைன்னா அப்பா முன்னாடியும் தோத்துட்டதா நினைப்பான்.

அப்புறம் ஒரு நோட்டு எடுத்து எழுதுங்க. எந்தத் தேதி, எந்த இடம், யார், என்ன செஞ்சாங்க, யார் பார்த்தாங்க. போன்ல வந்த மெசேஜ் இருந்தா அழிக்காம வையுங்க. வகுப்பு ஆசிரியரைப் பாருங்க, அங்க நடக்கலைன்னா தலைமை ஆசிரியர். வாயால சொல்றதோட எழுத்துலயும் கொடுங்க. அந்தப் பசங்களைத் தெருவுல மடக்கி மிரட்டாதீங்க. பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்ல பேர் போட்டு எழுதாதீங்க. அது தூது ஆகாது.

அங்கயும் கேட்கலைன்னா பள்ளிக்கல்வித் துறையோட உதவி எண் 14417 இருக்கு. குழந்தைகள் உதவி எண் 1098 ராத்திரியும் பகலும் எடுப்பாங்க. அடி, பாலியல் சீண்டல், சாதி சொல்லி அவமானப்படுத்தறது, இதெல்லாம் "பசங்க விளையாட்டு" இல்ல. போலீஸ் வரைக்கும் போக வேண்டிய விஷயம்.

புகார் கொடுத்ததோட நம்ம வேலை முடியல. இதை நமக்குக் காட்டினது நாங்குநேரி. 2023 ஆகஸ்ட்ல திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில பன்னிரண்டாம் வகுப்பு பட்டியலின மாணவன் ஒருத்தன், கூடப் படிக்கிற பசங்களோட சாதிக் கொடுமை தாங்காம பள்ளிக்கூடம் போறதையே நிறுத்திட்டான். அப்புறம் நடந்ததைப் பள்ளியில சொன்னான். ஆகஸ்ட் 9 ராத்திரி வீடு புகுந்து அவனை வெட்டினாங்க. தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அவன் செஞ்சது ஒண்ணுதான், உண்மையைச் சொன்னான். அவன் வாய் திறந்த பிறகு அவனைச் சுத்தி ஒரு பாதுகாப்பு இருந்திருக்கணும். அது இல்லாமப் போச்சு.

அதனால புகார் கொடுக்கும்போதே கேளுங்க. நாளைக்குக் காலையில என் பிள்ளை எங்க உட்காருவான்? இடைவேளையில யார் பார்த்துப்பாங்க? வேன்ல யார் பக்கத்துல இருப்பா? மறுபடி நான் எந்தத் தேதிக்கு வந்து கேட்கட்டும்?

நாங்குநேரிக்குப் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில ஒரு நபர் குழு போட்டது. 2024 ஜூன்ல அறிக்கை வந்தது. சாதியைக் காட்டற வண்ணக் கயிறு மாணவர்கள் கையில கூடாதுங்கறது அதுல ஒரு பரிந்துரை. இதைப் படிக்கிற தம்பிங்க ஒரு நிமிஷம் யோசிங்க. நாம கட்டுற கயிறு கூடப் படிக்கிறவனைப் பயமுறுத்தும்னா, அதுக்கும் முருகனுக்கும் என்ன சம்பந்தம்? அந்த மாணவன் 2024 பிளஸ் டூ தேர்வுல 600க்கு 469 மார்க் எடுத்தான். அதையும் மறக்காதீங்க.

கடைசியா, கிண்டல் பண்ற பிள்ளையைப் பத்தி. அவனும் யாரோ பெத்த பிள்ளைதான். முருகனையே பாலகன்னு ஏளனம் பண்ணினவன் சூரன். மாமரமா நின்னவனை வேல் பிளந்தப்போ, அவனை அழிச்சுடாம மயிலாவும் சேவலாவும் ஏத்துக்கிட்டார். தப்பு செஞ்ச பசங்களுக்கும் திருந்த இடம் உண்டு. ஆனா கொடுமை முதல்ல நிக்கணும். வேல் பாய்ஞ்ச பிறகுதான் மயில் வந்தது. அடி வாங்கின பிள்ளையைக் கூப்பிட்டு "கை குடு, மறந்துடு"ன்னு முதல் நாளே சொல்றது கருணை இல்ல. நம்ம பிள்ளைதான் இன்னொருத்தனைக் கலாய்க்கிறான்னு தெரிஞ்சா, அவனுக்காக வக்காலத்து வாங்காதீங்க. வேல் நம்ம வீட்டுக்கும் வரட்டும்.

நம்ம கோபமும் தணியணும். சூரனை ஜெயிச்ச முருகன் சினம் தணிஞ்சு அமர்ந்த இடம் திருத்தணி. அதனாலதான் கந்த சஷ்டிக்கு அங்க சூரசம்ஹாரம் கிடையாது, புஷ்பாஞ்சலிதான். திருப்போரூர்ல இருந்து தணிகைக்குப் போற வழியில முருகன் தங்கின இடம்தான் நம்ம குன்றத்தூர்னு சொல்லுவாங்க.

நாங்க மறுநாளே நோட்டோட பள்ளிக்குப் போனோம். அத்தான் அன்னைக்குக் கத்தாம பேசினார். வகுப்பு ஆசிரியர் கேட்டுக்கிட்டாங்க. இடம் மாத்தினாங்க. வேன்ல முன் சீட்டு. பேர் கூப்பிடும்போது அவன் கையைத் தூக்கினா போதும்னு சொல்லிட்டாங்க. ஒரு வாரத்துல எல்லாம் சரியாகிடல. ரெண்டு தடவை திரும்பப் போனோம். வீரவாகு பார்த்துட்டு வந்த மறுநாளே சயந்தனோட சிறையும் திறக்கலையே. ஆனா ஆள் வந்துட்டாங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சுது.

இந்தத் திங்கட்கிழமை வயிறு வலின்னு சொல்லல. கவசம் சொல்லிட்டுத்தான் வேன் ஏறினான். நான் சொல்லச் சொல்லல, அவனா சொன்னான்.

உங்க வீட்டுல, பக்கத்து வீட்டுல, எந்தப் பிள்ளையாவது திடீர்னு பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு சொன்னா, இன்னைக்கே பக்கத்துல போய் உட்காருங்க. பிள்ளைங்க இருக்கிற வீடுகளுக்கு இதை அனுப்பி வையுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!